கழிமுகத்தில் காணாத வீடு

பெருமாள்முருகன் 2018இல் வெளியிட்ட 'கழிமுகம்' என்னும் நாவலை அண்மையில் இரண்டாம் முறையாகப் படித்து முடித்தோம். முதல் முறை படித்தபோது பல இடங்களில் வாய்விட்டுச் சிரித்தோம். இம்முறை அந்த இடங்களில் சிரிப்பு வரவில்லை. இடைக்காலத்தில், நமக்கு நெருங்கிய ஒரு வீட்டில், அந்நாவலின் கதைக்கரு ஏறத்தாழ அப்படியே நடந்ததைப் பார்த்துவிட்டோம். அதன் பிறகு நூலின் பெருமையும் தெளிவாகத் தெரிந்தது. குறையும் தெளிவாகத் தெரிந்தது.

கதை மிகச் சிறியது. குமராசுரர் ஓர் அரசு ஊழியர். மனைவி மங்காசுரி. ஒரே மகன் மேகாஸ் வெளியூர்க் கல்லூரியில் படிக்கிறான். விலை உயர்ந்த அலைபேசி ஒன்று வேண்டும் என்று அவன் கேட்கிறான். அவ்வளவுதான். அந்த ஒரு கேள்வியில் தந்தையின் உலகம் ஆட்டம் காண்கிறது. அலைபேசியைப் பேசுவதற்கான ஒரு பொருளாக மட்டுமே அறிந்த மனிதர் அவர். அது இன்று வேறு என்னவெல்லாம் செய்கிறது என்று கேட்டறியப் புறப்படுகிறார். கேட்கக் கேட்க அச்சம் பெருகுகிறது. பாசமும் பயமும் கணக்கும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் தந்தை மனத்தை, நையாண்டியின் மெல்லிய திரை வழியாக ஆசிரியர் காட்டிச் செல்கிறார். பணத்தை எண்ணி எண்ணிப் பார்க்கும் நடுத்தர வருவாய்க்காரரின் கை நடுக்கம் நமக்கே தெரிகிறது. தந்தையைக் கோமாளியாக்கிவிடாமல் அவரைப் பார்த்துச் சிரிக்க வைத்திருப்பது எளிய காரியமன்று.

மனிதர்களை விட்டு ஆசிரியர் அசுரரிடம் போனதற்குக் காரணம் உண்டு. 'மாதொருபாகன்' (2010) நாவலுக்கு எழுந்த எதிர்ப்பின் விளைவாக, 2015 ஜனவரியில் எழுத்தையே கைவிடுவதாக அறிவித்தவர் அவர். 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னரே பேனாவை மீண்டும் எடுத்தார். எடுத்தபோது நாவலாக முதலில் ஒரு வெள்ளாட்டை எழுதினார் ('பூனாச்சி', 2016). அடுத்து அசுரரை எழுதினார். சூடுகண்ட பூனை அடுப்பங்கரையைச் சுற்றி நடப்பதைப் போல. அதைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. ஆனால் அதனால் நேர்ந்த இழப்பைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது. 'ஏறுவெயில்' (1991), 'நிழல்முற்றம்' (1993), 'கூளமாதாரி' (2000) ஆகியவற்றில் திருச்செங்கோட்டு மண்ணின் வெக்கை வாசகன் காலில் சுடும். 'நிழல்முற்ற'த்தில் திரையரங்கில் சோடா விற்கும் சிறுவர்களின் வியர்வை நாற்றம் வீசும். அசுரலோகத்தில் காற்றுக்கு மணம் இல்லை.

மண்ணின் பெயரை மறைத்தாலும், சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்கிறவனுக்கு அது எந்த லோகம் என்பது புரியாமல் போகாது. தமிழகமெங்குமிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதியில் அடைத்து, விடியற்காலை முதல் நள்ளிரவு வரை மனப்பாடம் செய்வித்து, மதிப்பெண்ணை அறுவடை செய்த பள்ளிகள் இப்பகுதியில்தானே முளைத்தன? பதினொன்றாம் வகுப்பிலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தொடங்கிவிடும் வித்தை இங்கேதான் செழித்தது. கோழிப்பண்ணைகளுக்குப் பேர்போன மாவட்டம் என்பதால் அவற்றைப் பண்ணைப் பள்ளிகள் என்று கேலி பேசினார்கள். முதல் மூன்று இடம் பெற்றோரை அறிவிக்கும் வழக்கத்தை அரசு 2017இல் நிறுத்தியபோது பலருக்கு வருத்தம் இருந்தது; நாம் வருந்தவில்லை. அப்பள்ளி விடுதியில் அலைபேசிக்கு அனுமதி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் பெற்றோர் தூக்குப் பாத்திரத்தில் பிரியாணியோடு வாயிலில் நிற்பார்கள். இரண்டாண்டுக் காலம் இப்படிப் பூட்டி வைத்த பிள்ளையை, கல்லூரி வாசலில் கையில் ஓர் அலைபேசியைக் கொடுத்துத் திறந்துவிடுகிறோம். வளர்ப்பைக் கூலிக்கு விட்டுவிட்டுக் கருவியைக் கண்டு அஞ்சுவதில் என்ன நியாயம்? குமராசுரரின் அச்சத்தின் வேர் இங்கே இருக்கிறது என்பது நம் கருத்து.

இப்பகுதித் தொழில்களும் அப்படி அமைந்துவிட்டன. நாமக்கல்லில் கூண்டு கட்டிய லாரி நாடெங்கும் ஓடுகிறது. திருச்செங்கோட்டு ஆழ்துளைக் கிணற்று வண்டி வடநாடெல்லாம் சுற்றிவிட்டு மாதக்கணக்கில் கழித்துத் திரும்புகிறது. தந்தை வீட்டில் இல்லாத வளர்ப்பு இங்கே புதிதன்று.

இனி நாம் குறிப்பிட்ட வீட்டுக்கு வருவோம். நாவலில் காணாததை அங்கேதான் கண்டோம்.

சேலம் கோட்டைப் பகுதியை அறிந்தவர்கள், அங்கே தமிழ் பேசும் ராவுத்தர் குடும்பங்களும் உருது பேசும் குடும்பங்களும் அடுத்தடுத்து வாழ்வதை அறிவார்கள். திருமணிமுத்தாற்றங்கரை ஜாமிஆ மஸ்ஜிதில் ஒரே ஸஃப்பில் நிற்பார்கள். சம்பந்தம் என்று வரும்போது சற்றுத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தைக் கடந்து நடந்தது ஒரு மறுமணம். மாப்பிள்ளை லாரி உதிரிபாக வணிகர், ராவுத்தர், மனைவியை இழந்தவர். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவனுக்கு 22 வயது, இளையவனுக்கு 17. மணமகள் உருது பேசும் குடும்பத்தவர். கணவர் சவூதியில் வேலை பார்த்து, 2021இல் கொரோனாவில் அங்கேயே மவுத்தாகிவிட்டார். ஜனாஸாவைக்கூடப் பார்க்க முடியவில்லை. ஒரு மகள், இப்போது 18 வயது, கல்லூரி முதலாண்டு. இவர்களோடு மாப்பிள்ளையின் தாயார், எண்பதை நெருங்கும் மூதாட்டி.

இரண்டு வளர்ப்பு முறைகள் ஒரே கூரையின் கீழ் வந்து சேர்ந்தன. அத்தா வீட்டிலேயே இருந்து வளர்த்த பிள்ளைகள் இரண்டு பேர். அவர்களுக்குப் பள்ளிப் படிப்பு முடியும்வரை அலைபேசி ஹராம் போலவே இருந்தது. 2020இல் ஊரடங்கு வந்து, அலைபேசி வழியாகப் பாடம் நடந்தபோதுகூட அத்தாவின் எதிரில் அமர்ந்துதான் பார்க்க வேண்டும். அந்தப் பெண்ணின் கதையோ வேறு. பேச்சு வராத பருவத்திலிருந்தே தந்தையை அவள் அலைபேசித் திரையில்தான் கண்டாள். இரண்டாண்டுக்கு ஒருமுறை நாற்பது நாள் விடுப்பில் வந்து போகும் மனிதரைவிட, தினமும் இஷாவுக்குப் பிறகு திரையில் சிரித்த முகமே அவளுக்குத் தந்தை. ஒரு வீட்டில் பிள்ளையைத் திருடிக்கொண்டு போகிற கருவி. மற்றொரு வீட்டில் தந்தையைக் கொண்டுவந்து சேர்க்கிற கருவி. இரண்டும் ஒரே கருவிதான்.

மணம் முடிந்த மூன்றாம் மாதம் வீட்டுத் தலைவர் ஒரு சட்டம் போட்டார். இரவு ஒன்பது மணிக்கு எல்லாருடைய அலைபேசியும் பீரோவின் மேல் போய்விட வேண்டும். மகன்கள் கொடுத்தார்கள். அந்தப் பெண் கொடுக்க மறுத்தாள். அவள் அவரைச் சாச்சா என்றுதான் அழைப்பாள். அத்தா என்று அழைத்ததில்லை. மறுத்த விதம் மரியாதையாகவே இருந்தது, ஆனால் மறுத்தாள். இரவில் போர்வைக்குள் எதையோ கேட்கிறாள் என்று இளையவன் வேறு சொல்லிவிட்டான். உறவினர் கூடினார்கள். "புள்ளைய காலேஜுக்கு அனுப்பினது போதும்" என்று ஒரு பெரியவர் தீர்ப்புச் சொன்னார். கொரோனாவுக்கு முன் தந்தை அனுப்பிய குரல் செய்திகளைத்தான் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது அந்த அவையில் யாருக்கும் தெரியாது. தாய்க்குத் தெரியும். புதுக் கணவரிடம் பழைய கணவரின் குரலைப் பற்றி எப்படிச் சொல்வாள்?

இங்கே ஷரீஅத்தின் ஒரு நுட்பத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். திருமறையின் நான்காம் அத்தியாயம், மனைவியின் முந்திய மணத்துப் பெண்மக்களை மணமுடிக்க விலக்கப்பட்டவர் வரிசையில் வைத்துள்ளது. ஆகவே அவர் அப்பெண்ணுக்கு மஹ்ரம். ஆனால் அவருடைய மகன்கள் அவளுக்கு மஹ்ரம் அல்லர். தம்பி என்று அழைத்தாலும் அவர்கள் எதிரில் தலைத்துணி விலகக் கூடாது. கூடத்தில் அவர்கள், அடுப்படியில் தாய், படுக்கை மூதாட்டியின் அறையில். அந்த வீட்டில் அவளுக்கென்று ஓர் இடம் இருந்தது என்றால் அது ஐந்தங்குலக் கண்ணாடி ஒன்றுதான். அதையும் பீரோவின் மேல் வைக்கச் சொன்னார்கள்.

தீர்ப்பை மாற்றியவர் மூதாட்டி. 1980களில் அவருடைய கணவர் ரியாத்தில் இருந்தார். எழுதப் படிக்க அவ்வளவாக வராதவர். கடிதத்துக்குப் பதில் ஒலிநாடாவில் பேசி, ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். அக்காலத்தில் வளைகுடா போன நம் வீடுகள் பலவற்றில் இருந்த வழக்கம்தான் அது. அவர் மவுத்தான பின், பழைய நாடாக்களில் பாட்டுப் பதிந்துகொள்ள மகன் கேட்டிருக்கிறார். அன்று பதின்பருவத்தில் இருந்தவர். தாய் கொடுக்கவில்லை. இன்றும் நான்கு நாடாக்கள் பச்சை டிரங்குப் பெட்டியில், கஃபன் துணிக்கு அடியில் இருக்கின்றன. எல்லாரும் பேசி முடித்த பிறகு மகனைப் பார்த்து மூதாட்டி கேட்டது ஒரே ஒரு கேள்வி. "அன்னிக்கு நீ டேப்பைக் கேட்டப்ப நான் குடுத்தனாடா?"

அவர் பதில் சொல்லவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. கல்லூரி நிற்கவில்லை, ஒன்பது மணிச் சட்டமும் நீங்கவில்லை. அந்தப் பெண்ணுக்கு மட்டும் அதைப் பற்றி யாரும் பேசாமல் விட்டுவிட்டார்கள்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நாம் இதை எழுதியிருக்க மாட்டோம். ஆறு மாதம் கழித்து வேறொன்று வெளியே வந்தது. ஒழுங்காக ஒன்பது மணிக்கு அலைபேசியை ஒப்படைத்த மூத்தவன், பகல் வேளைகளில் கடைக் கல்லாவிலிருந்து எடுத்த பணத்தை அலைபேசியில் ரம்மி ஆடித் தோற்றிருந்தான். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை நாடு முழுவதும் தடுக்கும் சட்டத்தை நடுவணரசு 2025 ஆகஸ்டில் கொண்டுவந்தது. அவன் தோற்றது அதற்கு முன்பே. ஆக, வீட்டுத் தலைவரின் அச்சம் பொய்யன்று. அலைபேசியில் ஓநாய் இருக்கத்தான் செய்தது. ஆனால் அவர் காவல் இருந்த வாசல் வேறு, அது நுழைந்த வாசல் வேறு. பெண்ணை ஐயுற்ற கண் பையனை ஐயுறவில்லை. வந்த பிள்ளையை ஐயுற்ற கண் பெற்ற பிள்ளையை ஐயுறவில்லை.

துவரங்குறிச்சியில் பிறந்த கவிஞர் சல்மா, 13 வயதில் தோழியரோடு திரைப்படம் பார்த்துவிட்டு வந்ததற்காகப் பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவர். அவரே பலமுறை சொல்லியிருக்கும் செய்தி. அவருடைய 'இரண்டாம் ஜாமங்களின் கதை' (2004) நம் வீட்டுப் பெண்களின் அடைபட்ட உலகத்தை எழுதியபோது நம்மில் பலர் முகம் சுளித்தோம். அதை நாம் மறக்கக் கூடாது. அன்று திரைப்படம், இன்று அலைபேசி. கருவி மாறியிருக்கிறது, நின்று போவது பெண்ணின் படிப்புத்தான். ஆண்களுக்குத் திரைப்படம் எந்நாளும் தடையாக இருந்ததில்லை. டி.ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1956இல் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை வண்ணத்தில் எடுத்து வெளியிட்டது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம். அரபுக் கதை என்ற சாக்கில் அதைப் பார்த்துவிட்டு வந்த பெரியவர்கள் எத்தனை பேர் என்பதை அவர்களின் பேரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

மறுமண வீட்டை நம் இலக்கியம் எப்படிக் கண்டது என்பதும் ஆராயத் தக்கது. பொதுத் தமிழ்ப் புனைவில் மாற்றாந்தாய் என்றால் கொடுமைக்காரி; அவ்வழக்கை மாற்றிக் காட்ட ஒரு 'சித்தி' (1966) வேண்டியிருந்தது. அப்படத்துக்கு மூலம் வை.மு. கோதைநாயகி அம்மாளின் நாவல். மாற்றாந்தந்தையைப் பற்றியோ பேச்சே அரிது. இத்தனைக்கும் தமிழ் முஸ்லிம்களின் முதல் நாவல் என்று நாம் பெருமையோடு சொல்லும் சித்திலெப்பையின் 'அசன்பே சரித்திரம்' (1885), எகிப்தில் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு இந்தியாவில் பிறர் கையில் வளரும் பிள்ளையின் கதைதான். தொடக்கம் அங்கே கிடைத்தது. அதை யாரும் பின்பற்றவில்லை.

நம் வரலாறும் இதில் வறியதன்று. நாயகம் (ஸல்) அவர்கள் மணம் பேசியபோது அன்னை உம்மு ஸலமா (ரலி) தயங்கியதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, தமக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பது. அப்பிள்ளைகளில் ஒருவரான உமர் இப்னு அபீ ஸலமா (ரலி), சிறுவனாக இருந்தபோது உணவுத் தட்டெங்கும் கை அலைய உண்டதையும், பெருமானார் அவருக்குப் பெயர் சொல்லி, வலக்கையால், அருகிலுள்ளதை உண்ணக் கற்பித்ததையும் அவரே அறிவித்துள்ளார், புகாரியில் உள்ளது. இந்த நிகழ்ச்சியை மேடைகளில் உணவு ஒழுக்கத்துக்காக மட்டுமே எடுத்துரைக்கிறோம். திருத்தியவரும் திருத்தப்பட்டவரும் ஒரே தட்டில் அமர்ந்திருந்தார்கள் என்பதைக் கவனித்தோமா? அந்தச் சிறுவர் மனைவியின் முந்திய மணத்துப் பிள்ளை என்பதைக் கவனித்தோமா? குமராசுரர் மகன் அமர்ந்திருக்கும் தட்டில் அமரவில்லை. தூர நின்று, அந்தத் தட்டைப் பற்றி ஊராரிடம் விசாரிக்கிறார். நம் கோட்டைப் பகுதி நண்பரும் அப்படியே. ரம்மி என்ற ஒன்று அலைபேசிக்குள் இருக்கிறது என்பதையே பணம் போன பிறகுதான் அவர் அறிந்தார்.

'கழிமுக'த்தின் பெருங்குறையாக நாம் கருதுவது இதுதான்: ஆசிரியரும் பெரும்பாலும் தந்தையின் பக்கமே நின்றுவிடுகிறார். தந்தையின் நெஞ்சுக்குள் எல்லா அறைகளும் நமக்குத் திறந்திருக்கின்றன. மகனின் அறை மூடிக் கிடக்கிறது. அலைபேசியில் அவனுக்கு என்ன கிடைக்கிறது, எது இல்லாமல் அவன் அதைத் தேடுகிறான் என்று நாம் அறிய வழியில்லை. ஆறும் கடலும் கலக்கும் இடத்துக்குத்தான் கழிமுகம் என்று பெயர். கலக்க இரண்டு நீர் வேண்டுமே. நாவலில் ஆற்றின் கலக்கம் முழுதும் இருக்கிறது. கடல் இன்னும் தொலைவில் இரைந்துகொண்டிருக்கிறது.

இக்குறையை அவர்மேல் மட்டும் சுமத்துவதும் நேர்மையன்று. தேங்காய்ப்பட்டணத்தைத் தோப்பில் முகம்மது மீரான் எழுதினார். கீரனூரை ஜாகிர்ராஜா எழுதினார். சேலம், நாமக்கல் சமவெளி முஸ்லிம் வீட்டை எழுத ஒருவர் வர வேண்டும். கடற்கரை ஊர்களுக்கு உள்ள பழைமைப் புகழ் நமக்கு இல்லைதான். ஆனால் நாவலுக்கு வேண்டிய சரக்கு இங்கே குறைவா? அந்த வீட்டு மூதாட்டி அரபுத்தமிழில் அச்சான பழைய கிதாபைத் தடவித் தடவி வாசிப்பார்: தமிழ்ச் சொல், அரபு எழுத்து. அந்தப் பெண் தோழிக்கு அனுப்பும் செய்தியில் தமிழும் உருதும் ஆங்கில எழுத்தில் ஓடும். ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு மூதாட்டி, "தமிழத் தமிழ்ல எழுதுனா என்ன, புள்ள?" என்று கேட்டார். தம் மடியில் இருந்த கிதாபை அவர் எண்ணிப் பார்க்கவில்லை. இந்த ஒரு காட்சிக்காக நாம் ஒரு நாவலை முழுதும் படிக்கச் சித்தமாக இருக்கிறோம்.

நம் 'கழிமுக'ப் படியை அந்த வீட்டில் படிக்கக் கொடுத்திருந்தோம். வணிகர் முதல் இருபது பக்கம் படித்ததாகச் சொன்னார். கண் எரிகிறது என்றார். மகன்கள் தொடவில்லை. அந்தப் பெண் முழுவதும் படித்திருந்தாள். திருப்பித் தரும்போது, நன்றாக இருக்கிறதா என்று கேட்டோம். நன்றாக இருக்கிறது என்றாள். சிறிது நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மேகாஸுக்கு ஒரு தங்கச்சி இருந்து, அவ கேட்டிருந்தா அவரு இவ்வளவு யோசிச்சிருப்பாரா, மாமு?" என்றாள்.

நமக்கு விடை தெரியவில்லை. புத்தகத்தை வாங்கிக்கொண்டு வந்தோம்.